வாலஸ் ரீடை ஒரு பெட்டிச் செய்தியோடு முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரத்துக்கு முன்னால் உங்கள் ஞாயிறு சினிமா பக்கத்தில் மௌனப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. சாப்ளின், பஸ்டர் கீட்டன் என்று நன்றாகத்தான் ஆரம்பித்திருந்தார் எழுதியவர். ஆனால் அந்தக் காலத்து மற்ற படங்களையெல்லாம் படபடவென்று ஓடி விழும் கூத்து என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டார். அதுகூடப் போகட்டும், கட்டுரைக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி கட்டி, போதையால் அழிந்த நடிகர்கள் என்று தலைப்புப் போட்டு, நான்கு பெயர்களை அடுக்கியிருந்தீர்கள். அதில் அமெரிக்க மௌனப் பட நடிகர் வாலஸ் ரீடும் ஒருவர். அவர் என்ன படத்தில் நடித்தார் என்று ஒரு வார்த்தை இல்லை, அந்தப் பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்றும் இல்லை. அன்றிலிருந்து மனது ஆறவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அவருடைய கார் பந்தயப் படங்களை வைத்துத்தான் பேசப்போகிறேன். குறிப்பாக 1919இல் வந்த தி ரோரிங் ரோடு. ஐந்து ரீல் படம், பாரமவுண்ட் வெளியிட்டது, இயக்கியவர் ஜேம்ஸ் க்ரூஸ். நல்லவேளையாக இது அழியாமல் பிழைத்திருக்கிறது, தேடினால் இன்றைக்கும் பார்க்கலாம். நான் பல தடவை பார்த்துவிட்டேன். காதல், சிரிப்பு, பந்தயம் மூன்றையும் இவ்வளவு லேசாகக் கலந்த இன்னொரு படத்தை அந்த வருடங்களில் சொல்லச் சொன்னால் எனக்குச் சட்டென்று எதுவும் வராது.

கதை இதுதான். டூடில்ஸ் என்று செல்லமாகக் கூப்பிடப்படும் வால்டன் ஒரு கார் கம்பெனியில் விற்பனையாளர், ரீட்தான் அந்த வால்டன். டார்கோ என்பது அந்தக் கார், கதைக்காக வைத்த பெயர். அவருக்கு இரண்டு ஆசை, பந்தயத்தில் கார் ஓட்ட வேண்டும், முதலாளியின் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் குறுக்கே நிற்பவர் ஒரே ஆள், அந்த முதலாளி. எல்லாரையும் உறுமித் தள்ளுகிறவர் என்பதால் அவருக்குக் கரடி என்றே பட்டப்பெயர், அப்புறம் மகளுக்கு என்ன பெயர் இருக்கும், கரடிக்குட்டிதான். தியோடர் ராபர்ட்ஸ் அந்த முதலாளியாக நடிக்கிறார், சுருட்டுக்குப் பேர்போன நடிகர், நான்கு வருடம் கழித்து இயக்குநர் டி மில்லின் தி டென் கமாண்ட்மென்ட்ஸ் படத்தில் மோசஸாக வந்தவரும் இவர்தான். மகளாக ஆன் லிட்டில்.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் கடலோர ஊரான சான்டா மோனிகாவில் நடக்கும் பந்தயத்துக்காக முதலாளி மூன்று பந்தயக் கார்களை வரவழைக்கிறார். டூடில்ஸ் தன்னை ஓட்டவிடச் சொல்லிக் கேட்கிறான், அவர் முடியாது என்கிறார். கார்கள் வந்துகொண்டிருந்த ரயில் விபத்துக்குள்ளாகி மூன்றும் நொறுங்கிப் போகின்றன. முதலாளி கையை விரித்துவிட்டார், அவ்வளவுதான் என்று. டூடில்ஸ் மட்டும் அந்த நொறுங்கிய குவியலைப் பார்த்து, இதில் ஒன்றின் இன்ஜினும் இன்னொன்றின் சக்கரமும் மற்றதன் சட்டமும் சேர்ந்தால் ஒரு கார் வருமே என்று யோசிக்கிறான், அப்படியே ஒட்டிச் சேர்த்து ஒரு காரை உருவாக்கி, அதை எடுத்துக்கொண்டு பந்தயத்தில் இறங்கி ஜெயித்தும் விடுகிறான்.

வேறு யாராவது எடுத்திருந்தால் படம் இங்கே முடிந்திருக்கும். இதில் இல்லை. கல்யாணம் என்றதும் கரடி ஐந்து வருடம் காத்திரு என்கிறார். அவருக்கு இப்போது வேறொரு ஆசை, லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை காரில் போகிற நேரச் சாதனையை டார்கோ கார் முறியடிக்க வேண்டும், அதை டூடில்ஸ் செய்ய வேண்டும். மகளைக் கொடுக்காத மனிதருக்கு எதற்காக ஓட்ட வேண்டும் என்று இவன் முரண்டு பிடிக்கிறான். கடைசியில் முதலாளி என்ன செய்கிறார் என்றால், மகளை ஏற்றிக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்கு ரயிலில் கிளம்பிவிடுகிறார். பிடிக்க வேண்டுமென்றால் இவன் அந்த ரயிலைக் காரில் முந்தித்தான் ஆக வேண்டும். முந்துகிறான். சாதனையும் நடந்துவிடுகிறது, பெண்ணும் கிடைக்கிறாள், எல்லாம் கரடி போட்ட கணக்கு. உறுமுகிற மாமனார் உள்ளுக்குள் இந்தப் பையனை முதலிலேயே பிடித்துப்போய்விட்டவர் என்பதை ராபர்ட்ஸ் முகத்திலேயே காட்டிவிடுவதால், நமக்கு அந்த மனிதர் மேல் ஒரு நிமிடம்கூடக் கோபம் வருவதில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். 1919இல் ரயிலைக் கார் முந்துவது என்றால் சின்ன விஷயம் இல்லை. அந்த இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 640 கிலோமீட்டர். லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மலையைத் தாண்டிப் போகும் ரிட்ஜ் ரூட் என்ற சாலை திறந்தே அப்போது நான்கு வருடம்தான் ஆகியிருந்தது, வளைவுகளுக்கே பெயர் வாங்கிய சாலை அது. எர்வின் பேக்கர் என்ற ஓட்டுநர் 1915இல் ஒரு ஸ்டட்ஸ் காரில் சான் டியேகோவிலிருந்து நியூயார்க் வரை 11 நாள் 7 மணி நேரத்தில் போய்ச் சேர்ந்ததை அமெரிக்காவே பேசியது. காரில் தூரம் போகிறவன் வீரன் என்று ஜனங்கள் நினைத்த காலம். கார் கம்பெனிகளும் இந்த ஓட்டங்களை வைத்துத்தான் விளம்பரம் செய்தன, அதனால் படத்தில் முதலாளி சாதனைக்காக அலைவது கதாசிரியர் சும்மா வைத்தது இல்லை, அப்போதைய வியாபாரமே அப்படித்தான் நடந்தது.

அந்தக் கதாசிரியர் பைரன் மார்கன். சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில் கார் பந்தயக் கதைகளாக எழுதிக்கொண்டிருந்தவர். அவருடைய கதைகளிலிருந்துதான் இந்தப் படம் வந்தது, ஓடியது, உடனே இன்னொன்று, இன்னொன்று என்று ரீடுக்கு ஒரு வரிசையே உருவாகிவிட்டது. 1920இல் டபுள் ஸ்பீட், எக்ஸ்க்யூஸ் மை டஸ்ட், வாட்ஸ் யுவர் ஹர்ரி, 1921இல் டூ மச் ஸ்பீட், 1922இல் அக்ராஸ் தி கான்டினென்ட். எக்ஸ்க்யூஸ் மை டஸ்ட் நம் டூடில்ஸின் கதையே தொடர்கிறது, இப்போது அவனுக்குக் கல்யாணமாகிக் குழந்தையும் இருக்கிறது. அந்தக் குழந்தையாக வந்தது ரீடின் சொந்த மகன். அக்ராஸ் தி கான்டினென்ட் படத்தில் மலிவு விலையில் சின்னக் கார் தயாரிக்கும் ஒரு முதலாளியின் மகனாக வருகிறார், ஃபோர்டின் டி மாடல் தெருவெல்லாம் ஓடிய நேரத்தில் அந்த முதலாளி யாரை நினைத்து வைத்த பாத்திரம் என்று ஒருவரும் யாரிடமும் கேட்க வேண்டியிருந்திருக்காது.

சரி, கட்டுரையாளர் சொன்ன அந்தப் படபடப்புக்கு வருகிறேன். இது ரொம்பப் பேர் நினைக்கிற தப்பு என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்குப் பதினாறு படம் என்பார்கள், ஆனால் ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறும், இருபது, அதற்கு மேலும் போகும். பேசும் படம் வந்தபிறகுதான், ஒலி பிசகக்கூடாது என்பதால், 24 என்று நிலையாக வைத்தார்கள். பதினாறில் எடுத்ததை 24இல் ஓட்டினால் என்ன ஆகும், ஒன்றரை மடங்கு வேகம். ஒரு மணி நேரப் படம் நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும், காதலிக்குக் கை கொடுக்கிறவன் அவளைப் பிடித்து இழுப்பது போலத் தெரியும், யோசனையோடு நடக்கிறவன் ஓடுவான். தொலைக்காட்சியில் பல வருடம் அப்படித்தான் போட்டார்கள். அதைப் பார்த்து வளர்ந்த நாமும் மௌனப் படம் என்றாலே குதித்துக் குதித்து நடப்பதுதான் என்று நினைத்துவிட்டோம். எடுத்த வேகத்தில் போட்டுப் பாருங்கள், வாலஸ் ரீட் எவ்வளவு நிதானமான நடிகர் என்று தெரியும். கையை வீசி நடிக்கிற வழக்கமே அவரிடம் கிடையாது. நிற்கிறார், சிரிக்கிறார், எதிராளி பேசுவதைக் கேட்கிறார், அவ்வளவுதான் செய்கிறார் என்று தோன்றும், ஆனால் கண்ணை அவரிடமிருந்து எடுக்க முடியாது.

பந்தயக் காட்சிகளில் மட்டும் அதே கைச்சுற்றலை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். மெதுவாகச் சுற்றி எடுத்துவிட்டு வழக்கமான வேகத்தில் ஓட்டினால் கார் பறக்கும். சும்மா எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய முடியாது, பின்னால் நிற்கிற கூட்டமும் சேர்ந்து வெட்டி வெட்டி அசையும், குட்டு உடைந்துவிடும். எந்த இடத்தில் எவ்வளவு குறைப்பது என்பது கேமராக்காரரின் மணிக்கட்டில் இருந்த வித்தை. அந்த மணிக்கட்டுகளுக்காகவே இந்தப் படங்களை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன் என்று சொன்னால் நம்புங்கள்.

சத்தம் இல்லாமல் கார் பந்தயமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், கார் பந்தயத்துக்குப் போகிறவர்கள் பாதி சந்தோஷத்தைக் காதால்தான் அனுபவிக்கிறார்கள். ஆனால் அன்றைக்கு அரங்கில் சத்தம் இல்லாமல் இல்லை, பியானோவோ ஆர்கனோ வாத்தியக் குழுவோ கட்டாயம் இருந்தது. அதைவிட முக்கியம், படம் எடுத்தவர்கள் சத்தத்தைக் கண்ணுக்கு மாற்றிவிட்டார்கள். புழுதி எழும்புவது, ஓட்டுநரின் கன்னம் அதிர்வது, கைக்குட்டை பறந்துபோவது, வேலியைப் பிடித்திருக்கும் கூட்டம் அப்படியே ஒரு பக்கமாகத் தலை திருப்புவது. இந்தத் தலை திருப்பல் ஒன்று போதும், கார் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கார் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்றையப் பந்தயக் கார்களில் இரண்டு பேருக்கு இடம் இருந்தது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் உட்கார்ந்து போவார், எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வது, டயர் தேய்கிறதா என்று எட்டிப் பார்ப்பது, பின்னால் யார் நெருங்குகிறார்கள் என்று திரும்பிப் பார்த்துத் தோளைத் தட்டிச் சொல்வது அவர் வேலை. 1911இல் இண்டியானாபொலிஸில் முதல் 500 மைல் பந்தயத்தை ஜெயித்த ரே ஹாரூன் மட்டும் தனியாக ஓட்டினார், மெக்கானிக் இல்லையென்றால் பின்னால் பார்ப்பது யார் என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்ததால் காரில் ஒரு கண்ணாடி பொருத்திக்கொண்டார். இந்த இரண்டாவது இருக்கை சினிமாக்காரர்களுக்குக் கிடைத்த வரம். ஓட்டுகிறவன் தனியாக இருந்தால் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று எப்படிக் காட்டுவது, பேச்சும் இல்லை. பக்கத்தில் ஒருவர் இருந்தால் பயத்தை அவர் முகத்தில் வைக்கலாம், வீரத்தை இவர் முகத்தில் வைக்கலாம், சிரிப்பு அங்கேயே வந்துவிடுகிறது.

காரும் சிரிப்பும் சேர்ந்த கதை ரீடோடு ஆரம்பிக்கவில்லை, அதையும் சொல்லாவிட்டால் ஒரு பெண்ணுக்கு நான் அநியாயம் செய்தவனாவேன். நடிகை மேபல் நார்மண்ட். உங்கள் கட்டுரையில் அவர் பெயரே இல்லை, அது எனக்கு இன்னொரு வருத்தம். 1914இல் கீஸ்டோன் கம்பெனி எடுத்த மேபல் அட் தி வீல் இரண்டே ரீல். காதலனைப் பந்தயத்துக்கு வரவிடாமல் வில்லன் பிடித்து அடைத்துவிடுகிறான், மேபல் தானே ஸ்டியரிங்கைப் பிடித்துப் பந்தயத்தில் ஓடி ஜெயிக்கிறார். வில்லன் யார் தெரியுமா, சாப்ளின். மீசையும் கைத்தடியும் கொண்ட அந்த நாடோடி வேடத்தில் இல்லை, நீளக் கோட்டும் தாடியுமாக வருகிறார். இயக்கத்திலும் மேபலுக்குப் பங்கு உண்டு, அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. படப்பிடிப்பில் தண்ணீர்க் குழாயை வைத்து ஒரு வேடிக்கை செய்யலாம் என்று சாப்ளின் சொல்ல, நேரமில்லை, சொன்னதைச் செய் என்று மேபல் சொல்ல, சாப்ளின் வேலை செய்யமாட்டேன் என்று சாலை ஓரத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். சாப்ளினே தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார், அவரை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள், அதற்குள் நியூயார்க்கிலிருந்து சாப்ளின் படம் இன்னும் வேண்டும் என்று தந்தி வந்ததால் தப்பித்தார். இந்தச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் சாப்ளின் பக்கத்திலிருந்தே எழுதுகிறார்கள். படத்தைப் பார்த்தால் மேபல் எதற்காக அவசரப்பட்டார் என்று புரியும். பின்னால் ஓடிக்கொண்டிருந்தது உண்மையான பந்தயம், சான்டா மோனிகாவில் நடந்த வாண்டர்பில்ட் கோப்பை. இந்தக் குழுவுக்காக அதை நிறுத்தி மறுபடி ஓட்டமாட்டார்கள்.

அந்த 1914 பந்தயமே ஒரு படம். ரால்ஃப் டி பால்மா என்ற பந்தய ஓட்டுநர் மெர்சர் கார் கம்பெனியின் அணித் தலைவராக இருந்தவர். பார்னி ஓல்ட்ஃபீல்ட் என்ற இன்னொரு ஓட்டுநரையும் அதே அணிக்குள் கொண்டுவந்தது பிடிக்காமல் விலகிவிட்டார். பழைய மெர்சிடிஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, தன்னுடைய பழைய கம்பெனிக் காரோடேயே மோத வந்தார். ஓல்ட்ஃபீல்டின் கார்தான் வேகம். ஆனால் அவருடைய டயர் தேய்ந்துவிட்டதை டி பால்மா கவனித்துவிட்டார். அடுத்த சுற்றில் நான் பிட்டுக்கு, அதாவது காரை நிறுத்தி டயர் மாற்றும் இடத்துக்கு வருகிறேன் என்று தன் ஆட்களுக்குச் சைகை காட்டினார், ஓல்ட்ஃபீல்ட் பார்க்கிற மாதிரி. ஓ, இவனே நிற்கப் போகிறான், நாமும் டயரை மாற்றிக்கொள்ளலாம் என்று ஓல்ட்ஃபீல்ட் பிட்டுக்குள் போனார். டி பால்மா நிற்கவே இல்லை. நேராகப் போய் ஜெயித்தார். பைரன் மார்கன் மாதிரிக் கதாசிரியர்களுக்கு விஷயம் எங்கிருந்து கிடைத்தது என்று இனிமேல் கேட்க வேண்டாம்.

அப்புறம் இன்னொரு சான்டா மோனிகா விஷயம். அது இன்றைக்கு நாம் நினைக்கிற மாதிரி மூடிய பந்தயத் தடம் கிடையாது. ஊர்த் தெருக்களை மறித்து ஓட்டியது, ஒரு சுற்று சுமார் எட்டரை மைல், கடலோரமாகப் போய்த் திரும்பும். ஒரு திருப்பத்துக்கு மரண வளைவு என்றே பெயர். ஓட்டுநருக்குத் தலைக்கவசம் இல்லை, துணித் தொப்பியும் கண்ணாடியும்தான், இருக்கைப் பட்டையும் கிடையாது. ஜனங்கள் சாலையை ஒட்டி நிற்பார்கள். இந்தப் படங்களில் கூட்டம் பின்வாங்கி அலைபாய்வதைப் பார்க்கும்போது அது நடிப்பாக இருக்காது என்று ஒரு பயம் வரும், நாமும் நாற்காலியில் பின்னால் சாய்வோம்.

இனி ரீடைப் பற்றி. இதைத்தான் நான் எழுத வந்தேன்.

1891இல் செயின்ட் லூயிஸில் பிறந்தவர், அப்பா நாடகாசிரியர். 1919இல் அவர் உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அந்த வருடம் மட்டும் ஏழெட்டுப் படம், அடுத்த வருடங்களிலும் ஆறேழு. அதே 1919இல், வேலி ஆஃப் தி ஜயன்ட்ஸ் என்ற படத்துக்காக வடக்குக் கலிபோர்னியாவில் காட்டுப் பக்கம் படப்பிடிப்புக்குப் போகும்போது படக்குழு ஏறிய ரயில் விபத்தில் சிக்கியது. ரீடுக்குத் தலையில் பலமான அடி. படம் நிற்கக்கூடாது. வலி தெரியாமல் இருக்க மார்ஃபின் கொடுத்து அவரை நடிக்க வைத்தார்கள். வலிக்காக ஆரம்பித்தது, பிறகு வேலைக்காகத் தொடர்ந்தது, பிறகு அவரால் விட முடியவில்லை. உங்கள் பெட்டிச் செய்தியில் இருந்த போதை இதுதான், ஐயா. விருந்து மண்டபத்தில் பிடித்த பழக்கம் இல்லை, மருத்துவர் ஊசியில் ஏற்றியது, ஒரு படத்தைக் குறித்த நாளில் முடிப்பதற்காக.

எனக்கு மனது பிசைகிற இடம் எது என்றால், தி ரோரிங் ரோடு படத்தின் கதையைத் திரும்ப யோசித்துப் பாருங்கள். அதில் ஒரு ரயில் விபத்துதான் டூடில்ஸுக்கு அதிர்ஷ்டமாக வருகிறது. கார்கள் நொறுங்கினால்தான் அவன் கையில் ஒரு கார் வரும். அதே வருடத்தில் நடந்த நிஜ ரயில் விபத்து அவரை நொறுக்கிவிட்டது. முதல் தடவை பார்த்தபோது எனக்கு இது தெரியாது, சிரித்துக்கொண்டே பார்த்தேன். தெரிந்தபிறகு பார்த்தபோது, உடைந்த கார்க் குவியலுக்கு நடுவில் அந்தப் பையன் உற்சாகமாக நிற்கும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். அப்புறம் வந்து மிச்சத்தைப் பார்த்தேன். படம் அப்போதும் சிரிக்க வைத்தது, அது அவருடைய திறமை.

அதற்குப் பிறகு வந்த பந்தயப் படங்கள் எல்லாம் அந்த வலியோடும் மருந்தோடும் நடித்தவை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளே அப்படி ஒரு மனிதர், வெளியே அமெரிக்கா முழுக்க வேகம், இளமை, ஆரோக்கியம் என்றால் இவர் முகம்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தது. 1923 ஜனவரி 18ஆம் தேதி ஒரு சிகிச்சை விடுதியில் இறந்துபோனார். வயது 31. அந்த வயதில் பலபேர் நடிக்கவே ஆரம்பிப்பதில்லை.

அவர் மனைவி டாரத்தி டேவன்போர்ட், அவரும் நடிகைதான். வேறு யாராக இருந்தாலும் விஷயத்தை மூடி மறைத்திருப்பார்கள், ஸ்டுடியோக்களுக்கும் அதுவே வசதி. இந்த அம்மாள் கணவருக்கு என்ன நேர்ந்தது என்பதை வெளிப்படையாகச் சொன்னார். அவர் இறந்த அதே 1923இல் ஹ்யூமன் ரெக்கேஜ் என்று போதை மருந்தின் கொடுமையைப் பற்றி ஒரு படத்தை உருவாக்கி, தானே நடித்து, ஊருக்கு ஊர் கொண்டுபோனார். திருமதி வாலஸ் ரீட் என்றே பெயர் போட்டுக்கொண்டார், அதற்குப் பிறகு தயாரிப்பு, இயக்கம் என்று பல வருடம் உழைத்தார். கணவரின் பெயரை ஒளிக்காமல் திரையில் போட்டுக்கொண்ட அந்தத் துணிவுக்காகவாவது, ரீடின் பெயரை எழுதும்போது கூட இரண்டு வரி எழுதியிருக்கலாம். ஹ்யூமன் ரெக்கேஜ் இன்றைக்கு ஒரு பிரதிகூட இல்லாமல் தொலைந்துபோன படம்.

தொலைந்தது என்றதும் ஞாபகம் வருகிறது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் எடுத்த முழுநீள மௌனப் படங்கள் கிட்டத்தட்ட 11,000. அதில் முதலில் வெளியான அதே வடிவில் பிழைத்திருப்பது 14 சதவீதம்தான். இன்னும் ஒரு 11 சதவீதம் வெளிநாட்டுப் பிரதியாகவோ தரம் குறைந்த பிரதியாகவோ இருக்கிறது. மற்றதெல்லாம் போனது போனதுதான். அந்தக் காலத்துப் படங்களுக்குப் பயன்பட்ட நைட்ரேட் பிலிம் தீப்பிடித்தால் அணைக்க முடியாது, பத்திரமாக வைத்தாலும் காலப்போக்கில் பிசினாகிப் பொடியாகிவிடும். 1937இல் நியூஜெர்சியில் ஃபாக்ஸ் கம்பெனியின் கிடங்கு எரிந்ததில் எத்தனையோ பேருடைய வாழ்நாள் வேலை ஒரே நாளில் சாம்பல். பேசும் படம் வந்தபிறகு இனி யார் பார்க்கப் போகிறார்கள் என்று, பிலிமில் இருந்த வெள்ளியைப் பிரித்தெடுக்கக் கொடுத்ததும் உண்டு.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது, அதை உங்கள் பக்கத்தில் போட்டால் சந்தோஷப்படுவேன். 2010இல் ரஷ்யாவின் அரசு திரைப்படக் காப்பகமான கோஸ்ஃபில்மோஃபோண்ட், தொலைந்ததாக நினைத்திருந்த பத்து அமெரிக்க மௌனப் படங்களின் டிஜிட்டல் பிரதிகளைக் காங்கிரஸ் நூலகத்துக்குக் கொடுத்தது. அந்தப் பத்தில் இரண்டு வாலஸ் ரீட் படங்கள், இரண்டும் ஜேம்ஸ் க்ரூஸ் இயக்கியவை. ஒன்று யூ ஆர் ஃபயர்ட். இன்னொன்று வேலி ஆஃப் தி ஜயன்ட்ஸ். எந்தப் படத்தை முடிப்பதற்காக அந்த ஊசியைப் போட்டார்களோ அதே படம். அது சொந்த நாட்டில் இல்லாமல் போய், யாரோ வேற்று மொழிக்காரர்கள் பத்திரமாக வைத்திருந்து, தொண்ணூறு வருடம் கழித்துத் திரும்பி வந்திருக்கிறது. இதைப் படித்த அன்று நான் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரீடுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். 1924இல் ஸ்போர்ட்டிங் யூத், அதுவும் மார்கன் கதைதான், ரெஜினால்ட் டென்னி ஒரு கார் டிரைவராக வருகிறார், அவரை ஒரு பெரிய பந்தய வீரர் என்று எல்லாரும் தப்பாக நினைத்துவிடுகிறார்கள், ஜோடி லாரா லா ப்ளான்ட். 1929இல் வில்லியம் ஹெய்ன்ஸ் நடித்த ஸ்பீட்வே, இண்டியானாபொலிஸ் தடத்துக்கே போய் எடுத்தது, பேச்சு இல்லாமல் இசையை ஒலிப்பதிவாகச் சேர்த்து வெளியிட்டார்கள். இதெல்லாம் நல்ல பொழுதுபோக்குதான். ஆனால் டென்னி, ஹெய்ன்ஸ் இரண்டு பேருமே சிரிக்க வைக்க வேண்டும் என்று முயற்சி எடுக்கிறார்கள் என்பது தெரியும், ரீடிடம் அது தெரியாது. இது என் அபிப்பிராயம், யாரும் மறுக்கலாம்.

இப்போது என் வேண்டுகோள். முதலில் அந்தப் பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள், 1919 ரயில் விபத்தையும் மார்ஃபின் யார் கொடுத்து ஆரம்பித்தது என்பதையும் சேர்த்து. அப்புறம் கட்டுரையாளரிடம் தி ரோரிங் ரோடு படத்தை ஒரு தடவை, சரியான வேகத்தில், இசையோடு பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் கிடைக்கிற பிரதிகளில் சிலது வேகமாக ஓடும், பார்ப்பவர்கள் நடந்து போகிற காட்சியை முதலில் கவனிக்கட்டும், மனிதர்கள் மனிதர்கள் மாதிரி நடந்தால் அந்தப் பிரதி சரி, குதித்தால் வேகத்தைக் குறைத்துவிட்டுப் பார்க்கட்டும். பார்த்துவிட்டு அவருக்குப் பிடிக்காமல் போனால் பிடிக்கவில்லை என்றே எழுதட்டும், படித்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்தப் பெட்டியில் நீங்கள் போட்டிருந்த படம் எங்கோ கோட் சூட்டில் எடுத்த சோகமான முகம். திருத்தம் போடும்போது அதை மாற்றிவிடுங்கள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரிக்கிற மாதிரி ஒன்று தேடிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்